முதல் வன்தட்டு எது?



வழக்கமாக இந்தப் பக்கத்தில் செய்யுளும் மொழியணியும் கட்டுரைப் பயிற்சியும் இடம்பெறும். இன்று கணினியைப் பற்றி எழுதப் போகிறேன். நான் கணினித் துறையைச் சேர்ந்தவள் அல்லேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று வந்தவள். எனினும், நம் தமிழ்ப்பள்ளிகளின் அலமாரிகளில் பழைய கணினிகள் ஒவ்வொன்றாகக் கண்மூடி வரும் காலம் இது. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் நாம்தாம். எனவே, அவற்றைக் காப்பாற்றும் வழியையும் நாம் ஓரளவு அறிந்திருக்க வேண்டும் எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

குரல்கள் ஒரு தட்டில், பெயர்கள் ஒரு தட்டில்

எங்கள் பள்ளிக்கு 2010-இல் ஒரு கணினி நன்கொடையாகக் கிடைத்தது. உபுண்டு லினக்ஸின் 10.04 பதிப்பு அதில் நிறுவப்பட்டிருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியரைச் சந்தித்து உரையாடி, அதனைப் பதிவு செய்து வர வேண்டும் என்னும் நடவடிக்கையை அவ்வாண்டுதான் தொடங்கினோம். தோட்டத்துப் பெரட்டு, பால்மரம் சீவிய விடியல்கள், சயாம் மரண இரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத உறவினர்கள் என்று எத்தனையோ செய்திகள் அக்குரல்களில் பதிவாயின. ஆண்டுகள் சில தொடர்ந்து நடந்த பணி அது. பேசியவர்களுள் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் பேசிய தோட்டங்களுள் சிலவும் இல்லை. அவ்விடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன.

அக்கணினியில் இரண்டு வன்தட்டுகள் இருந்தன. 160 கிகாபைட் கொண்ட சிறிய தட்டில் இயங்குதளம் இருந்தது. 500 கிகாபைட் கொண்ட பெரிய தட்டில் ஒலிக்கோப்புகள் இருந்தன. ஒலிக்கோப்புகளுக்கு 001, 002 என்று எண்கள் மட்டுமே இடப்பட்டிருந்தன. எந்த எண் எவருடைய குரல், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்னும் விவரங்கள் யாவும் சிறிய தட்டில் இயங்கிய தரவுத்தளத்தில் இருந்தன. எனவே, இரண்டு தட்டுகளும் சேர்ந்து இயங்கினால்தான் பயனுண்டு.

சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் ஒருவரின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். “டீச்சர், எங்க மாமியார் பேசினது இன்னும் ஸ்கூல்ல இருக்குதுங்களா? வீட்டுல அவங்க குரல் எதுலயும் இல்ல” என்றார். அப்போது அந்தக் கணினியின் மின்வழங்கி செயலிழந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. பெரிய வன்தட்டை வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்தபோது, கட்டக் கட்டென்று ஒலி எழுந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர், கணினிப் பராமரிப்புத் தொழிலில் இருப்பவர், உதவ முன்வந்தார்.

மெய்நிகர் கணினி

அன்பர் சொன்ன வழி இதுதான்: இரண்டு வன்தட்டுகளையும் அப்படியே இரண்டு பெரிய கோப்புகளாகப் படியெடுப்பது, பின்னர் ஒரு புதிய கணினிக்குள் மென்பொருளால் மட்டுமே ஆன இன்னொரு கணினியை உருவாக்கி, அந்தப் படிகளை அதற்கு வன்தட்டுகளாகக் கொடுப்பது. இதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர். பழைய இயங்குதளம் தான் பழைய பெட்டிக்குள்ளேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு இயங்கும்.

படியெடுக்க டிடி-ரெஸ்க்யூ என்னும் நிரலைப் பயன்படுத்தினார். பழுதான பகுதி வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காமல், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு பழுதான பகுதிக்குத் திரும்பி வரும் நிரல் அது. பெரிய தட்டின் நிலை மோசமாக இருந்ததால் அதையே முதலில் படியெடுத்தார். ஓர் இரவு முழுதும் பிடித்தது. மறுவாரம் அந்தத் தட்டு சுழலவே மறுத்துவிட்டது. ஆக, உலகில் எஞ்சியிருந்தது அந்த ஒரே ஒரு படிதான். ‘முதலில் படியெடுத்தார்’ என்னும் இச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி விழித்தெழும் வரிசை

மேலே செல்வதற்கு முன், ஒரு கணினி எவ்வாறு விழித்தெழுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மின்சாரம் வந்ததும் முதலில் எழுவது பயோஸ் என்னும் அடிப்படை நிரல். பழைய முறையில், அது வன்தட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். அந்த 512-இல் நிரலுக்குரிய இடம் 446 பைட்டுகள், பகிர்வுகளின் அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2. அவ்வளவு சிறிய இடத்தில் முழு இயங்குதளம் அடங்காது. அங்கே அமர்ந்திருப்பது துவக்க ஏற்றியின் தலைப்பகுதி. அது தன் எஞ்சிய பகுதியை எழுப்பும். அப்பகுதி லினக்ஸின் கருவை எழுப்பும். கரு தன் வேர்ப் பகிர்வைத் தேடிப் பிடித்த பின்னரே மற்றவை எல்லாம் நடக்கும்.

லினக்ஸ் உலகில் பரவலாக உள்ள துவக்க ஏற்றி கிரப். எரிக் போலின் என்பவர் 1995-இல் தொடங்கிய படைப்பு அது. உபுண்டு 2009-இல் வெளியிட்ட 9.10 பதிப்பு முதல் கிரப் 2 அதன் இயல்பான ஏற்றியாயிற்று.

இங்குதான் ஒரு சிக்கல். ஒரே வன்தட்டை இவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரால் அழைக்கின்றனர். கிரப் தட்டுகளைச் சுழியத்திலிருந்து எண்ணும்: எச்.டி.0, எச்.டி.1. பயோஸ் எந்த வரிசையில் தட்டுகளைக் காட்டுகிறதோ அந்த வரிசைதான் கிரப்புக்கு. லினக்ஸின் கருவோ எழுத்தால் அழைக்கும்: முதலில் கண்டது எஸ்.டி.ஏ., அடுத்தது எஸ்.டி.பி. தட்டு எவ்வகைக் கட்டுப்படுத்தியில் மாட்டப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து முன்னெழுத்துகளும் மாறும். விர்ட்டியோ என்னும் மெய்நிகர் வகையில் மாட்டினால் வி.டி.ஏ., வி.டி.பி.; சென் வகை மெய்நிகர் கணினியில் எக்ஸ்.வி.டி.ஏ. இந்த இரு பெயர் முறைகளையும் இணைத்துச் சொல்ல ‘டிவைஸ் மேப்’ என்னும் சிறு கோப்பு கிரப்பிடம் உண்டு. “எச்.டி.0 என்பது எஸ்.டி.ஏ.” என்று ஒரு வரி, அடுத்த தட்டுக்கு இன்னொரு வரி. அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம்.

நம் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பிறந்த வீட்டில் ஒருத்தி பெரியக்கா. திருமணமாகிப் புகுந்த வீட்டிற்குச் சென்றதும் அவளே சின்ன அண்ணி ஆகிவிடுகிறாள். அவள் மாறவில்லை, அவளை எண்ணுகின்ற வீடு மாறியிருக்கிறது. புகுந்த வீட்டு வாசலில் நின்று “பெரியக்கா இருக்கிறார்களா?” என்று கேட்டால் வேறு யாரோ ஒருவர் வெளியே வருவார், அல்லது யாருமே வரமாட்டார்.

எங்கள் கணினிக்கு நேர்ந்தது

மெய்நிகர் கணினியை முதல்முறை இயக்கியபோது, துவக்கத்தக்க வன்தட்டு இல்லை என்னும் செய்தி வந்தது. பெரிய தட்டை முதலில் படியெடுத்ததால் அதுவே பட்டியலில் முதலாவதாகச் சேர்ந்திருந்தது. ஒலிக்கோப்புகள் மட்டும் உள்ள அத்தட்டில் துவக்க ஏற்றி ஏது? அமைப்புப் பக்கத்தில், சிறிய தட்டிலிருந்து துவங்குமாறு அன்பர் மாற்றினார். கிரப்பின் பட்டியல் திரையில் தோன்றியது. எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால், சில நொடிகளில் மற்றொரு செய்தி: எஸ்.டி.ஏ.1 என்னும் பகிர்வு இல்லை. அத்தோடு திரை நின்றுவிட்டது.

இந்தச் செய்தியைக் கண்டதும் வன்தட்டே போய்விட்டது என்று மனம் கலங்கும். கலங்க வேண்டுவதில்லை. வந்த செய்தியை ஊன்றிப் படித்தால் எந்தப் படிவரை ஏறிவிட்டோம் என்பது தெரியும். பயோஸ் தட்டைக் கண்டது, கிரப் எழுந்தது, லினக்ஸின் கருவும் எழுந்துவிட்டது. கரு தன் வேர்ப் பகிர்வைத் தேடும் இடத்தில்தான் தடை. அதற்குச் சொல்லப்பட்டிருந்த முகவரி எஸ்.டி.ஏ.1. 2010-இல் கணினியை அமைத்தவர் அவ்வாறு எழுதி வைத்திருந்தார். அந்தப் பெட்டிக்குள் அது சரியான முகவரிதான். புதிய வீட்டில் அந்தப் பெயரில் எவரும் இல்லை.

இதற்கிடையில் தொலைபேசி வழி ஒருவர் அறிவுரை கூறினார்: “இதற்கு இவ்வளவு பாடு எதற்கு? முதல் வன்தட்டில் உபுண்டுவைப் புதிதாக நிறுவிவிடுங்கள். அரை மணி நேர வேலை.” நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். பழைய பெட்டியில் முதல் தட்டு இயங்குதளம் இருந்த சிறிய தட்டு. அதை அழித்தாலும் குரல்கள் தப்பியிருக்கும். அன்பர் மட்டும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, “எது முதல் தட்டு, டீச்சர்?” என்றார்.

அந்தக் கேள்விதான் குரல்களைக் காப்பாற்றியது. துவக்க வரிசையை மாற்றியதால் பயோசுக்கும் கிரப்புக்கும் சிறிய தட்டே முதல் தட்டு. லினக்ஸ் அந்த வரிசையைக் கேட்பதில்லை. தான் கண்டறியும் வரிசையில் பெயரிடும். அதன் கணக்கில் முதல் தட்டு வி.டி.ஏ., அதாவது ஒலிக்கோப்புகள் உள்ள பெரிய தட்டு. நிறுவும் நிரல் லினக்ஸில் இயங்குவது. “முதல் தட்டு” என்று கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்திருந்தால், அழிக்கப்பட்டிருப்பது எஞ்சியிருந்த ஒரே படி.

உடனே வேலையை நிறுத்தி, இரண்டு படிகளையும் தனி வன்தட்டு ஒன்றில் மீண்டும் படியெடுத்துப் பூட்டி வைத்தோம். அதன் பிறகே பழுது பார்க்கும் பணி தொடர்ந்தது.

பழுது நீங்கிய முறை

தடை ஏற்பட்ட திரையிலேயே லினக்ஸ் தான் கண்ட பகிர்வுகளின் பட்டியலைக் காட்டச் செய்தோம். நான்கு பெயர்கள் தெரிந்தன: வி.டி.ஏ., வி.டி.ஏ.1, வி.டி.பி., வி.டி.பி.1. பெயரைப் பார்த்து முடிவு செய்யவில்லை. அருகில் இருந்த அளவைப் பார்த்தோம். 500 கிகாபைட் உடையது வி.டி.ஏ.; 160 உடையது வி.டி.பி.

மீண்டும் இயக்கி, கிரப்பின் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தினால் துவக்க வரிகளைத் திருத்தலாம். எஸ்.டி.ஏ.1 என்பதை வி.டி.பி.1 என்று மாற்றினோம். இவ்வாறு செய்யும் மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டுமே. தவறானாலும் தட்டில் ஒன்றும் எழுதப்படாது. எனவே அஞ்ச வேண்டியதில்லை. இயங்குதளம் எழுந்தது. இடையில், பெரிய தட்டு இன்னும் வரவில்லை, காத்திருக்கவா தாண்டிச் செல்லவா என்று கேட்டது. ‘எஃப்-எஸ்-டேப்’ என்னும் கோப்பில் அதன் பெயர் எஸ்.டி.பி.1 என்றிருந்ததே காரணம். தாண்டச் சொன்னோம்.

உள்ளே சென்றதும் நிலையான மாற்றங்களைச் செய்தோம். ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் அது உருவாக்கப்படும்போதே ஓர் அடையாள எண் எழுதப்படுகிறது. யூ.யூ.ஐ.டி. என்பார்கள். 128 பிட் நீளமுடைய அந்த எண், பதினாறின் அடிமானத்தில் 32 இலக்கங்களாக எழுதப்படும். அது தட்டுக்குள்ளேயே இருப்பது. எந்தக் கணினியில் எத்தனையாவதாக மாட்டினாலும் மாறாது. ‘பிளாக்-ஐடி’ என்னும் கட்டளை அந்த எண்களைக் காட்டியது. எஃப்-எஸ்-டேப் கோப்பில் எழுத்துப் பெயர்களை நீக்கி அடையாள எண்களை எழுதினோம். கிரப்பின் அமைப்பிலும் அவ்வாறே பயன்படுத்தச் சொன்னோம். கிரப்பைப் புதுப்பிக்க முயன்றபோது, வி.டி.பி.1-க்குரிய தட்டைக் காணவில்லை, டிவைஸ் மேப்பைப் பாருங்கள் என்று அதுவே சொல்லிற்று. பார்த்தோம். பழைய வீட்டின் உறவுமுறைகள் அப்படியே எழுதப்பட்டிருந்தன. அவற்றைத் திருத்தி, கிரப்பை மீண்டும் சிறிய தட்டில் நிறுவினோம்.

எல்லாம் முடிந்ததும் அன்பர் வேண்டுமென்றே இரண்டு தட்டுகளின் வரிசையையும் மாற்றி மாட்டினார். சிறியது வி.டி.ஏ. ஆயிற்று, பெரியது வி.டி.பி. ஆயிற்று. கணினி தடையின்றி எழுந்தது. பழுது உண்மையாகவே நீங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

அன்று மாலையே அந்தத் தாயாருக்குரிய ஒலிக்கோப்பைத் தேடி எடுத்தோம். பதினொரு நிமிடப் பதிவு. பேரன் கேள்வி கேட்கிறான், பாட்டி பேசுகிறார், நடுவில் சேவல் ஒன்று கூவுகிறது. தாயார் பள்ளிக்கு வந்து, அலுவலகத்தில் அமர்ந்து முழுவதையும் கேட்டார். ஒன்றும் பேசவில்லை. கோப்பைப் பிள்ளைகள் அனைவருக்கும் அனுப்பித் தருமாறு மட்டும் கேட்டுக்கொண்டார்.

வகுப்பறையில்

இதை எழுதும்போது என் வகுப்பு நினைவுக்கு வருகிறது. நாமும் பிள்ளைகளை வரிசையால்தான் அழைத்துப் பழகியிருக்கிறோம். முதல் மாணவன், கடைசி மாணவன், மூன்றாம் வரிசையில் இருப்பவள். 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகளில் ஒரு வகுப்பில் எட்டுப் பேர், பத்துப் பேர்தாம் இருப்பார்கள். அங்கே முதலாவதாக இருந்த பிள்ளை, நகரத்துப் பெரிய பள்ளிக்கு மாறும்போது இருபதாவதாகிவிடுகிறது. வீட்டில், “உனக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்கிறார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணும் இடம் மாறியிருக்கிறது.

மாறாத அடையாளம் ஒன்று ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் உண்டு. இவன் கணக்கை மனத்தில் போடுவான், தாளில் எழுதத் தடுமாறுவான். இவளுக்கு வாசிப்பு மெதுவாக வரும், வாசித்ததை மறக்கமாட்டாள். பள்ளி மாறும்போது நாம் அனுப்பி வைக்கும் ஆவணத்தில் இத்தகைய இரண்டு வரிகளைச் சேர்த்து எழுதினால், அடுத்து வரும் ஆசிரியர் அந்தப் பிள்ளையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேரும் நம் பிள்ளைகளுக்கு இது மிகவும் பயன்படும்.

திரையில் கற்ற மற்றொன்றும் உண்டு. ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால், எல்லாம் போயிற்று என்று முதலிலிருந்து தொடங்கிவிடுகிறோம். எழுத்தை அறிகிறதா, கூட்டி ஒலிக்கிறதா, சொல்லின் பொருள் தெரிகிறதா என்று படிப்படியாகப் பார்த்தால், தடை எங்கே என்பது புலப்படும். ஏறி வந்த படிகளை அழிக்க வேண்டியதில்லை.

பள்ளிகளுக்குச் சில பரிந்துரைகள்

1. பழைய கணினிகளைப் பயன்பாட்டிலிருந்து நீக்கும் முன், அவற்றின் வன்தட்டுகளில் என்ன உள்ளது என்று கேட்டறியுங்கள். அறிந்த ஆசிரியர் மாற்றலாகிச் சென்றிருந்தால் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

2. வன்தட்டில் ஒலி எழுந்தால் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காதீர்கள். முதல் வேலை படியெடுப்பது. பழுது பார்ப்பது படியின் மேல். மூலத்தின் மேல் அன்று.

3. கழற்றும் முன் ஒவ்வொரு வன்தட்டின் மீதும் அளவு, உள்ளடக்கம், தேதி ஆகியவற்றை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள்.

4. முதல் தட்டு, இரண்டாம் தட்டு என்னும் சொற்களை நம்பி எதையும் அழிக்காதீர்கள். அளவையும் அடையாள எண்ணையும் பாருங்கள்.

5. அப்படியே படியெடுத்தால் அடையாள எண்ணும் சேர்ந்தே படியெடுக்கப்படும். ஆகவே, மூலத்தையும் படியையும் ஒரே கணினியில் ஒன்றாக மாட்டி இயக்காதீர்கள். ஒரே பெயரில் இருவர் நின்றால் கணினி குழம்பும்.

6. பழைய இயங்குதளத்தை இணையத்தோடு இணைக்காதீர்கள். உபுண்டு 10.04 பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவு 2015-இலேயே முடிந்துவிட்டது. வேண்டிய கோப்புகளை எடுத்துக்கொண்டு அதனை ஓய்வெடுக்க விடுங்கள்.

7. கோப்புகளுக்கு எண் மட்டும் இடாதீர்கள். எங்கள் ஒலிக்கோப்புகளுக்கு இப்போது பேசியவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகிய மூன்றும் இடப்பட்டுள்ளன. 047 என்றிருந்த கோப்பு இனி எந்தக் கணினிக்குச் சென்றாலும் அந்தப் பாட்டியின் பெயரோடுதான் செல்லும்.

உங்கள் பள்ளியின் அலமாரியிலும் இப்படியொரு கணினி இருக்கக்கூடும். இந்த விடுமுறைக்குள் ஒருமுறை திறந்து பாருங்கள்.